நில அளவை வலையமைப்புகளின் நம்பகத்தன்மை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கட்டுப்பாட்டுப் புள்ளிகளை (மற்ற அளவைகளுக்கு ஆதாரமாக, இடமும் உயரமும் கண்டு வைத்த புள்ளிகளை) நிறுவும் சர்வே வேலைகளின் கணக்கீட்டு அறிக்கைகளைச் சரிபார்ப்பது என் வேலை. அறிக்கையைத் திருப்பி அனுப்பும்போதெல்லாம் ஏறத்தாழ ஒரே சந்தேகங்கள் திரும்ப வருகின்றன என்பதால் அவற்றைக் கேட்டவர்களின் சொற்களிலேயே இங்கே தொகுத்திருக்கிறேன்.

பல விடைகளில் ஒரே சிறிய லெவலிங் (உயர வேறுபாடுகளை அளக்கும்) வலையமைப்பு எடுத்துக்காட்டாக வரும். சதுரத்தின் நான்கு மூலைகளைப் போல அ, ஆ, இ, ஈ என்று நான்கு புள்ளிகள். அவற்றுள் அ என்பது உயரம் தெரிந்த பெஞ்ச்மார்க். மற்ற மூன்றின் உயரத்தைக் காண வேண்டும். ஒவ்வொரு லெவலிங் கோட்டின் திட்ட விலக்கமும் (தற்செயல் பிழைகளால் வரும் சிதறலின் அளவும்) 2 மி.மீ. மூலைவிட்டங்கள் சற்று நீளமானவை என்றாலும் கணக்கு எளிதாக இருப்பதற்காக அவற்றுக்கும் 2 மி.மீ. என்றே கொண்டிருக்கிறேன்.

துல்லியம் நன்றாக இருக்கிறது என்றாலே நம்பகமான வேலை என்றுதானே பொருள்?

இல்லை. எல்லாம் ஒழுங்காக நடந்திருக்கிறது என்று வைத்துக்கொண்டு, தவிர்க்க முடியாத சிறு தற்செயல் பிழைகளால் விடை எவ்வளவு சிதறும் என்பதைத் துல்லியம் சொல்கிறது. ஏதோ ஒன்று ஒழுங்காக நடக்காமல் போயிருந்தால் அது வெளியே தெரியுமா, தெரியாமல் போனால் விடை எவ்வளவு கெடும் என்பதைச் சொல்வது நம்பகத்தன்மை.

கோணமும் தூரமும் அளக்கும் டோட்டல் ஸ்டேஷனை ஓரிடத்தில் நிறுத்தி, ஒரு புதிய புள்ளிக்கு ஒரு கோணமும் ஒரு தூரமும் மட்டும் எடுத்து வந்தால், அந்தப் புள்ளியின் பிழை நீள்வட்டம் (இடம் எவ்வளவு சிதறலாம் என்று காட்டும் வட்டம்) ஓரிரு மில்லிமீட்டரில் அழகாக வந்துவிடும். ஆனால் குறிபார்க்கும் பிரிசம் பக்கத்து ஆணியின் மேல் நின்றிருந்தாலும் நீள்வட்டம் அதே அளவில்தான் வரும். துல்லியம் உயர்வு, நம்பகத்தன்மை சுழியம் என்பதற்கு இதைவிட எளிய சான்று கிடையாது.

இது யார் கொண்டுவந்த கோட்பாடு? அதற்கு முன் எப்படிச் சமாளித்தார்கள்?

நெதர்லாந்தின் டெல்ஃப்ட் நகரில் பணியாற்றிய வில்லெம் பார்டா 1960-களில் இதற்கு முறையான வடிவம் கொடுத்தார். வலையமைப்புகளைச் சோதிக்கும் வழிமுறையைப் பற்றிய அவருடைய நூல் 1968-ல் வெளிவந்தது. அளவீடுகளை ஒன்றோடொன்று பொருந்தும்படி திருத்தும் சரிக்கட்டலுக்கு நாம் பயன்படுத்தும் மீச்சிறு வர்க்க முறையைப் பிரெஞ்சுக் கணித அறிஞர் லெஜாந்தர் 1805-லேயே வெளியிட்டுவிட்டார் என்பதால், இரண்டுக்கும் இடையே ஒன்றரை நூற்றாண்டுக்கு மேல் இடைவெளி இருக்கிறது.

சரிபார்க்கும் வழக்கம் இவற்றுக்கெல்லாம் முந்தியது. இந்தியாவின் பெரிய முக்கோண அளவையைத் தொடங்கிய வில்லியம் லாம்ப்டன் 1802-ல் பரங்கிமலை அருகே அடிக்கோட்டை (மற்ற நீளங்களுக்கெல்லாம் ஆதாரமான, நேரடியாக அளந்த கோட்டை) அளந்து முக்கோணங்களைத் தொடங்கினார். 1804-ல் பெங்களூர் அருகே இன்னோர் அடிக்கோடு நேரடியாக அளக்கப்பட்டு, முக்கோணங்கள் வழியே வந்த நீளத்தோடு ஒப்பிடப்பட்டது. 1808-ல் தஞ்சைப் பெரிய கோயிலின் கோபுரத்தில் ஏற்றும்போது அவருடைய பெரிய தியோடலைட் (கோணம் அளக்கும் கருவி) சுவரில் மோதிச் சேதமடைய, அவரே அதைப் பழுது பார்த்தார். அப்படிச் சீர்செய்த கருவியை நம்பலாமா என்பதைப் பிறகு அளந்த முக்கோணங்கள் மூடுகின்றனவா (கோணங்களின் கூடுதல் பொருந்துகிறதா) என்று பார்த்துத்தான் சொல்ல முடியும். இந்தச் சோதனையால் எவ்வளவு பெரிய பிழை பிடிபடும், எவ்வளவு நழுவிப் போகும் என்று எண்ணால் சொல்லும் வழியைத் தந்தவர் பார்டா.

தேவைக்கு மேல் எடுக்கும் அளவீடு வீண் செலவு இல்லையா?

தேவைக்கு மேல் எடுப்பவைதாம் சரிபார்க்கும் அளவீடுகள். எடுத்துக்காட்டுச் சதுரத்தில் நான்கு பக்கங்களையும் லெவலிங் செய்தால் அளவீடுகள் 4, காண வேண்டிய உயரங்கள் 3, உபரி 1. இந்த ஒன்று யாருக்கும் தனிச் சொத்து அன்று. நான்கு கோடுகளும் ஆளுக்குக் கால் பங்கு எடுத்துக்கொள்கின்றன. இந்தப் பங்கை உபரிப் பங்கு என்று அழைப்போம். சுழியத்திலிருந்து ஒன்று வரை இருக்கும் இந்த எண்களை எல்லா அளவீடுகளுக்கும் சேர்த்துக் கூட்டினால் வலையமைப்பின் மொத்த உபரி கிடைக்கும்.

உபரிப் பங்கின் பொருள் மிக நேரடியானது: ஓர் அளவீட்டில் பிழை நேர்ந்தால் அதில் எத்தனை பங்கு அதன் சொந்த எச்சத்தில் (அளந்த மதிப்புக்கும் சரிக்கட்டிய மதிப்புக்கும் உள்ள வேறுபாட்டில்) தெரியும் என்பதை அது சொல்கிறது. பங்கு 0.25 என்றால் பிழையில் கால் பகுதி எச்சத்தில் வரும்; மீதி முக்கால் பகுதி உயரங்களுக்குள் சத்தமில்லாமல் கரைந்துவிடும்.

எச்சங்கள் எல்லாம் சின்னதாகத்தானே இருக்கின்றன, பிறகு என்ன சந்தேகம்?

நான் அதிகமாகக் கேட்ட கேள்வி இதுதான். சதுரத்தையே எடுத்துக்கொள்வோம். அ–ஆ கோட்டில் ஸ்டாஃபை (லெவலிங் அளவுகோலை) 10 மி.மீ. தவறாகப் படித்துவிட்டார்கள் என்றும், மற்ற மூன்று கோடுகளும் பிழையின்றி அமைந்தன என்றும் கொள்வோம். மூடுபிழை, அதாவது சுற்றி அ-வுக்கே திரும்பும்போது வரும் வேறுபாடு, 10 மி.மீ.; சரிக்கட்டும்போது அது நான்காகப் பிரிந்து ஒவ்வொரு கோட்டுக்கும் 2.5 மி.மீ. எச்சமாக வரும். திட்ட விலக்கம் 2 மி.மீ. உள்ள கோட்டுக்கு 2.5 மி.மீ. எச்சம் என்றால் யார் கண்ணையும் உறுத்தாது. முறைப்படி சோதிக்க வேண்டுமானால் எச்சத்தைக் கோட்டின் திட்ட விலக்கத்தால் அன்றி, எச்சத்தின் சொந்தத் திட்ட விலக்கத்தால் வகுக்க வேண்டும். கோட்டின் திட்ட விலக்கத்தை உபரிப் பங்கின் வர்க்கமூலத்தால் பெருக்கினால் அது கிடைக்கும். இங்கே 1 மி.மீ. ஆகவே சோதனை மதிப்பு 2.5. வழக்கமான எல்லை 3.29 என்பதால் பிழை தேறிவிடுகிறது.

இப்போது இரண்டு மூலைவிட்டங்களையும் சேர்த்து அளந்தால் அளவீடுகள் 6, உபரி 3, ஒவ்வொரு கோட்டின் பங்கும் 0.5. அதே 10 மி.மீ. பிழைக்கு அ–ஆ கோட்டின் எச்சம் 5 மி.மீ. ஆகிறது; சோதனை மதிப்பு 3.54 என்று எல்லையைத் தாண்டுகிறது. அளவீடுகளின் தற்செயல் சிதறலையும் கணக்கில் சேர்த்தால், இப்படிப்பட்ட பிழை நூற்றுக்கு 60 தடவை பிடிபடும். மூலைவிட்டம் இல்லாத சதுரத்தில் 21 தடவைதான். எனவே சிறிய எச்சத்தைப் பார்த்ததும் மகிழ்வதற்கு முன் அதன் பக்கத்தில் உள்ள உபரிப் பங்கைப் பாருங்கள். பங்கு 0.05 என்று இருந்தால் அந்த எச்சம் சிறியதாக வந்ததில் வியப்பதற்கு ஒன்றுமில்லை.

அறிக்கையில் ‘கண்டுபிடிக்கக்கூடிய மிகச் சிறிய பிழை’ என்று ஓர் எண் வருகிறதே, அது எங்கிருந்து வருகிறது?

இரண்டு முடிவுகளை நாம் முதலிலேயே எடுக்கிறோம். நல்ல அளவீட்டைத் தவறு என்று ஒதுக்கும் வாய்ப்பு ஆயிரத்தில் ஒன்றுக்கு மேல் போகக்கூடாது என்பது முதலாவது, இதிலிருந்துதான் 3.29 என்ற எல்லை வருகிறது. பிழை உண்மையில் இருக்குமானால் அதை நூற்றுக்கு 80 தடவையாவது பிடிக்க வேண்டும் என்பது இரண்டாவது. இதற்கு இன்னும் 0.84 தேவை. இரண்டையும் கூட்டினால் 4.13. இந்த எண்ணை அளவீட்டின் திட்ட விலக்கத்தால் பெருக்கி, உபரிப் பங்கின் வர்க்கமூலத்தால் வகுத்தால் நீங்கள் கேட்ட எண் கிடைக்கும்.

நான்கு பக்கங்கள் மட்டும் உள்ள சதுரத்தில் ஒவ்வொரு கோட்டுக்கும் அது 16.5 மி.மீ.; இரண்டு மூலைவிட்டங்களோடு 11.7 மி.மீ. முதலில் எடுத்த இரண்டு முடிவுகளையும் மாற்றினால் 4.13 மாறும் என்பதால், எந்த மதிப்புகளைக் கொண்டு கணக்கிட்டீர்கள் என்பதை அறிக்கையில் எழுதாமல் இந்த எண்ணை மட்டும் கொடுப்பதில் பயனில்லை.

உள் நம்பகத்தன்மை, புற நம்பகத்தன்மை என்று இரண்டு ஏன்?

மேலே சொன்ன எண் உள் நம்பகத்தன்மை. அது அளவீட்டைப் பற்றியது. அந்த எல்லைக்குச் சற்றுக் கீழே உள்ள ஒரு பிழை பிடிபடாமல் தப்பிவிட்டால் இறுதி உயரங்கள் அல்லது ஆயத்தொலைவுகள் எவ்வளவு நகரும் என்பது புற நம்பகத்தன்மை. நம்மிடமிருந்து புள்ளிகளை வாங்கிப் பாலமோ சுரங்கமோ கட்டுபவருக்கு இரண்டாவதுதான் வேண்டும்.

சதுரத்தில் அ–ஆ கோட்டில் 16.5 மி.மீ. தப்பினால் ஆ 12.4 மி.மீ., இ 8.3 மி.மீ., ஈ 4.1 மி.மீ. நகர்கின்றன. சில சமயம் ஓர் அளவீட்டின் உள் நம்பகத்தன்மை மோசமாக இருந்தும் அது விடையைப் பெரிதாகப் பாதிக்காமல் இருக்கலாம். அப்போது அதற்காகக் களத்துக்கு மறுபடி ஆள் அனுப்புவது தேவையற்றது. இரண்டையும் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

டிராவர்ஸை (நிலையத்துக்கு நிலையம் கோணமும் தூரமும் அளந்து செல்லும் தொடரை) இரண்டு தெரிந்த புள்ளிகளுக்கு நடுவே மூடிவிட்டோம். அது போதாதா?

மூடுவது நல்ல வழக்கம். ஆனால் அதன் பலம் பலர் நினைப்பதைவிடக் குறைவு. இரு முனைகளிலும் திசை தெரிந்திருக்க, நடுவே 10 புதிய நிலையங்கள் உள்ள டிராவர்ஸில் 11 தூரங்கள், 12 கோணங்கள், ஆக 23 அளவீடுகள். காண வேண்டியவை 20. உபரி 3. நிலையங்கள் 50 ஆனாலும் உபரி அதே 3தான்.

அந்த மூன்றை 23 பேர் பங்கு போட்டுக்கொண்டால் சராசரிப் பங்கு 0.13, அதாவது திட்ட விலக்கத்தைப் போல 11 மடங்குக்கும் அதிகமான பிழைகள்தாம் உறுதியாகப் பிடிபடும். நீண்ட டிராவர்ஸின் நடுவிலிருந்து தொலைவில் உள்ள தெரிந்த கோபுரம் ஒன்றைப் பார்த்து ஒரு திசை எடுப்பது, இரண்டு டிராவர்ஸ்களை நடுவே ஒன்றோடொன்று முடிச்சுப் போடுவது போன்ற சிறு வேலைகள் இந்த நிலையை வெகுவாக மாற்றும்.

மென்பொருள் ஓர் அளவீட்டைச் சிவப்பில் காட்டினால் அதை அப்படியே நீக்கிவிடலாமா?

பிழை இருக்கிறது என்று தெரிவது ஒன்று. எதில் இருக்கிறது என்று தெரிவது வேறொன்று. முக்கோணத்தின் மூன்று கோணங்களை அளந்து கூடுதல் 180 பாகையிலிருந்து விலகினால் எங்கோ தவறு என்று தெரியும். எந்தக் கோணம் என்று அந்த முக்கோணத்தால் ஒருநாளும் சொல்ல முடியாது. நான்கு பக்கச் சதுரத்திலும் இதே நிலைதான்: நான்கு கோடுகளின் சோதனை மதிப்பும் ஒன்றாகவே வரும்.

ஒரு மூலைவிட்டத்தை மட்டும், அ–இ என்று வைத்துக்கொள்வோம், சேர்த்தால் பக்கங்களின் பங்கு 0.375 ஆகவும் மூலைவிட்டத்தின் பங்கு 0.5 ஆகவும் உயர்கின்றன. அறிக்கை பார்க்க நன்றாகவே இருக்கும். ஆனால் ஆ என்ற புள்ளிக்கு இன்னும் இரண்டே கோடுகள்தாம் வருகின்றன. அ–ஆ, ஆ–இ ஆகிய இரண்டின் சோதனை மதிப்பும் எப்போதும் சமம். மென்பொருள் அவற்றில் ஒன்றைச் சிவப்பாக்கினால் அது பட்டியலில் முதலில் வந்ததாலோ கடைசி இலக்கத்தின் முழுமையாக்கலாலோ நேர்ந்ததாக இருக்கும். இரண்டாவது மூலைவிட்டமும் வந்து ஒவ்வொரு புள்ளிக்கும் மூன்று கோடுகள் ஆன பிறகுதான், ஒரு புள்ளியில் சந்திக்கும் இரு கோடுகளின் சோதனைகளுக்கு இடையே உள்ள ஒட்டுறவு 1-லிருந்து 0.5-க்கு இறங்கிக் குற்றவாளியைப் பிரித்தறிய வழி பிறக்கிறது.

நடைமுறையில் நான் பின்பற்றுவது இது: மிக அதிக மதிப்பு உள்ள ஒன்றை மட்டும் எடுத்து, அதன் களப்புத்தகப் பக்கத்தைத் திறந்து காரணம் தேடுவேன். காரணம் கிடைத்தால் திருத்துவது, கிடைக்காவிட்டால் மறுபடி அளக்கச் சொல்வது, அதுவும் முடியாவிட்டால்தான் நீக்கி மறுபடி சரிக்கட்டுவது. ஒரே தடவையில் ஐந்தாறு அளவீடுகளை நீக்கினால் ஒரு பிழைக்காக அதன் நல்ல அண்டை வீட்டாரையும் வெளியேற்றியதாக முடியும்.

ஒட்டுமொத்தச் சோதனையில் தேறிவிட்டதே. தனித்தனியாகவும் சோதிக்க வேண்டுமா?

வேண்டும். 200 உபரிகள் உள்ள பெரிய வலையமைப்பில் ஒட்டுமொத்தச் சோதனையின் எண் (எடையிட்ட எச்ச வர்க்கங்களின் கூட்டுத்தொகை) சராசரியாக 200 என்றும் அதன் திட்ட விலக்கம் 20 என்றும் இருக்கும். மேலே சொன்ன 4.13-க்கு ஏற்ற ஒரு தனிப் பிழை அந்த எண்ணை 17 அளவுக்குத்தான் உயர்த்தும். இயல்பான ஏற்ற இறக்கத்துக்குள்ளேயே அது மறைந்துவிடும்.

திட்ட விலக்கத்தையே தவறாகக் கொடுத்திருந்தால் இந்தச் சோதனை எல்லாம் என்ன ஆகும்?

கோணல் தராசில் நிறுத்தது போல ஆகும். மிகச் சிறியதாகக் கொடுத்தால் நல்ல அளவீடுகள் கும்பலாகச் சிவக்கும். பெரிதாகக் கொடுத்தால் பிழைகள் தேறிவிடும். பின்னதைச் சிலர் தெரிந்தே செய்வதுண்டு: சோதனை தேறும்வரை திட்ட விலக்கத்தை ஊதிப் பெருக்குவார்கள். ஆனால் அப்போது கண்டுபிடிக்கக்கூடிய மிகச் சிறிய பிழையும் அதே மடங்கில் வீங்கி அறிக்கையிலேயே காட்டிக்கொடுக்கும்.

முன்கூட்டிய மதிப்பு தெரியாதபோது எச்சங்களிலிருந்தே திட்ட விலக்கத்தை மதிப்பிட்டுச் சோதிக்கும் வழி ஒன்று உண்டு. 1976-ல் ஆலன் போப் என்ற ஆய்வாளர் முன்வைத்த டௌ சோதனை அது. உபரி மிகக் குறைவாக இருக்கும்போது அதைச் சார்ந்திருக்க வேண்டாம். பெரும்பிழை உள்ள எச்சமே திட்ட விலக்கத்தையும் உயர்த்தித் தனக்குத் தானே மறைப்புக் கட்டிக்கொள்ளும்.

ஜிபிஎஸ் வேலையில் எல்லா வளையங்களும் 3, 4 மி.மீ.க்குள் மூடுகின்றன. அதற்கு மேல் என்ன வேண்டும்?

அந்த வளையங்கள் ஒரே அமர்வில் அளந்தவையா என்று முதலில் பாருங்கள். நான்கு ரிசீவர்கள் ஒரே நேரத்தில் இயங்கினால் ஆறு பேஸ்லைன்களை (இரு புள்ளிகளை இணைக்கும் கோடுகளை) கணக்கிடலாம். ஆனால் ஒன்றையொன்று சாராதவை மூன்றுதான். மற்ற மூன்றும் அதே பதிவுகளிலிருந்து மறுபடி கணக்கிட்டவை. ஆறையும் தனி அளவீடுகளாகச் சேர்த்தால், ஒவ்வொன்றும் மூன்று கூறுகள் கொண்டதால், இல்லாத 9 உபரிகள் காகிதத்தில் தோன்றும். உபரிப் பங்குகள் எல்லாம் உயர்ந்து தெரியும்.

நான் பார்த்த ஓர் அறிக்கையில் ஒரு புள்ளியின் ஆன்டெனா உயரம் 1.543 மீட்டர் என்பதற்குப் பதிலாக 1.453 என்று பதிவாகியிருந்தது. அந்த அமர்வில் அந்தப் புள்ளியைத் தொட்ட எல்லாக் கோடுகளும் அதே 90 மி.மீ. பிழையைச் சுமந்ததால் வளையங்கள் ஒன்றுவிடாமல் அழகாக மூடின. மறுநாள் முக்காலியைப் புதிதாக நிறுத்தி, உயரத்தைப் புதிதாக அளந்து எடுத்த இரண்டாவது அமர்வுதான் அதைக் காட்டிக்கொடுத்தது. முக்காலியை அசைக்காமல் அமர்வை மட்டும் இரண்டாக்கியிருந்தால் அதுவும் நடந்திருக்காது.

சந்தேகமுள்ள கோட்டையே இரண்டு தடவை அளந்துவிட்டால் போதுமே?

அந்தக் கோட்டுக்குப் போதும், வலையமைப்புக்குப் போதாது. சதுரத்தில் அ–ஆ கோட்டை இரண்டு தடவை அளந்தால் அந்த இரண்டின் பங்கும் 0.57 ஆகும், மற்ற மூன்றும் 0.29-லேயே நிற்கும். அதே உழைப்பை ஒரு மூலைவிட்டத்தில் செலவிட்டால் எந்தக் கோடும் 0.375-க்குக் கீழே இராது. தவிர, அதே ஸ்டாஃப், ஸ்டாஃபை நிறுத்தும் அதே இடைப்புள்ளிகள், அதே ஆள் என்று திரும்ப அளப்பதைத் தனி அளவீடு என்று சொல்ல எனக்குத் தயக்கம் உண்டு.

இதையெல்லாம் களத்துக்குப் போவதற்கு முன்பே கணக்கிட முடியுமா?

முடியும்; செய்ய வேண்டிய நேரமும் அதுதான். உபரிப் பங்குகளுக்கு அளவீடுகளின் மதிப்புகள் தேவையே இல்லை. புள்ளிகளின் தோராயமான இடம், எதை எங்கிருந்து அளக்கப் போகிறோம், ஒவ்வொன்றின் திட்ட விலக்கம் என்ன என்ற மூன்றும் போதும். வரைபடத்தை விரித்து, பங்கு குறைவாக வரும் இடங்களில் ஒரு கோட்டைச் சேர்த்து, மிக அதிகமாக வரும் இடங்களில் ஒன்றை எடுத்துவிட்டு மறுபடி ஓட்டிப் பார்க்கலாம்.

எவ்வளவு இருந்தால் போதும் என்பதற்கு ஜெர்மனியில் வழங்கும் பிரிவு பயனுள்ளது: 0.01-க்குக் கீழே சரிபார்க்க இயலாதவை, 0.1 வரை மோசம், 0.3 வரை போதுமானவை, அதற்கு மேல் நன்று.

நாம் நிலையாக வைத்துக்கொண்ட பழைய கட்டுப்பாட்டுப் புள்ளியே நகர்ந்திருந்தால்?

நிலையாகப் பிடித்த புள்ளி அளவீடாகக் கணக்கில் வராததால் அதற்கு எச்சமும் இல்லை, சோதனையும் இல்லை. சாலை அகலப்படுத்தும்போது புல்டோசர் இடித்த பெஞ்ச்மார்க்கின் தவறு, அதன் அருகில் உள்ள நல்ல கோடுகளின் எச்சங்களில் போய் உட்காரும். பழி கோடுகளின் மேல் விழும். எனவே முதலில் ஒரே ஒரு புள்ளியை மட்டும் பிடித்துச் சரிக்கட்டி அளவீடுகளைத் தூய்மைப்படுத்துங்கள். பிறகு மற்ற பழைய புள்ளிகளை அவற்றுக்குரிய திட்ட விலக்கத்தோடு அளவீடுகளாகவே சேர்த்துச் சோதியுங்கள்.

ஒரே வேலையில் இரண்டு, மூன்று பெரும்பிழைகள் இருந்தால் இந்தச் சோதனை தாங்குமா?

பார்டாவின் சோதனை ஒரு நேரத்தில் ஒரு பிழைதான் உண்டு என்று கொண்டு இயங்குகிறது. இரண்டு பிழைகள் தொலைவில் இருந்தால் ஒன்றன்பின் ஒன்றாகப் பிடிபடும். அருகருகே இருந்தால் ஒன்றையொன்று மறைக்கலாம், அல்லது நடுவே நிற்கும் நல்ல அளவீட்டைக் குற்றவாளியாக்கலாம். எச்சம் பெரிதாக உள்ளவற்றின் எடையைச் சுற்றுக்குச் சுற்று குறைத்துக்கொண்டே போகும் டேனிஷ் முறை போன்றவை இங்கே உதவும். ஆனால் அவையும் உபரியிலிருந்தே பலம் பெறுகின்றன. பங்கு 0.05 உள்ள அளவீட்டை எந்த முறையாலும் காப்பாற்ற முடியாது.

அணையின் அசைவைக் கண்காணிக்கும் வலையமைப்புக்கும் இதே கணக்குதானா?

கணக்கு அதே, கேள்வி சற்று வேறு. முதல் சுற்றிலும் இரண்டாம் சுற்றிலும் ஒரு புள்ளியின் உயரத்துக்குத் தலா 1 மி.மீ. திட்ட விலக்கம் என்றால், இரண்டுக்கும் இடையிலான வேறுபாட்டின் திட்ட விலக்கம் 1.41 மி.மீ.; அதை 4.13-ஆல் பெருக்கினால் 5.8 மி.மீ. அதைவிடச் சிறிய அசைவு நடந்தாலும் இந்த வலையமைப்பு உறுதியாகச் சொல்லாது. ‘அசைவு இல்லை’ என்று எழுதும் அறிக்கையில் இந்த எண்ணும் இருக்க வேண்டும் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான்.

இன்னொன்று: ஒரு சுற்றில் தப்பிய பெரும்பிழை அடுத்த சுற்றோடு ஒப்பிடும்போது அசைவாகவே தோன்றும். ஆகவே இரண்டு சுற்றுகளையும் ஒப்பிடுவதற்கு முன் ஒவ்வொன்றும் தனித்து நின்று சோதனையில் தேற வேண்டும். ஐயம் எழும் புள்ளியை, வேறு கருவி, வேறு நிலையம், முடிந்தால் வேறு ஆள் கொண்டு அதே வாரத்தில் மறுபடி அளந்துவிடுங்கள். ஆறு மாதம் கழித்துப் போனால் அணை உண்மையிலேயே அசைந்திருக்கலாம்.